சூட்டி செத்தது உன்னால் இல்லை

என் கூட்டாளிக்கு,

இன்றைக்குக் காலையில் நம் லயத்து வரிசைக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். நான் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வைத்ததும் அந்த நாற்றம் இந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்கப் பரவிவிட்டது. மற்றவர்களுக்கு அது சுத்தமான வாசம். எனக்கு அது மூக்கில் ஏறினாலே பல்லைக் கடிக்கவேண்டி வருகிறது. ரொட்டி கருகிப் போனது. என்ன யோசனை என்று கேட்ட என் வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், கருகினதையே தின்றுவிட்டு வேலைக்குப் போனார்.

லயத்தில் யாருக்குக் கடிதம், மனு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். கொழும்பில் இருந்த உன் புருஷனுக்கும் நான்தானே எழுதித் தந்தேன், ஃபோன் வருகிற வரைக்கும். எனக்கென்று நான் எழுதுகிற முதல் கடிதம் இது. சூட்டி எப்படிச் செத்தது என்று போன வாரம் முழு லயத்துக்கும் தெரிந்துவிட்டது. உனக்கு மட்டும்தான் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இடையில் எழுந்து ஓடிவிடாமல் கேள்.

சூட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? வட்டவளையில் இருந்து பேக்கரிப் பாண் கொண்டுவருகிற ஆட்டோக்காரர், பாண் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் அந்த நாய்க்குட்டியை வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும். 'சூட்டி, சூட்டி', சின்னது, சின்னது என்று அவர் சிங்களத்தில் கொஞ்சினதையே நீ பெயராக வைத்துவிட்டாய். பிறகு அது ஆட்டுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்து, வாசல் இஸ்தோப்பில் கால் வைக்க இடமில்லாமல் படுத்துக்கொண்டபோதும் அது சின்னதுதான், உனக்கு. பிள்ளை இல்லாத வீடு என்று ஊர் உன்னைப் பார்த்து இரக்கப்படும். நீ நாயிடம் சண்டை போடுகிற சத்தம் நடுச்சுவர் தாண்டி என் காதில் விழும், பிள்ளை பெற்றவள்கூட அப்படிச் சண்டை போடமாட்டாள். உன்னிடம் இருந்த பூனைக்கு மட்டும் நீ பெயரே வைக்கவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“பேரு வெச்சா கூப்புடணும். கூப்புட்டா அது வராது. எதுக்கு அந்த மானக்கேடு?” என்றாய்.

கொரோனா வந்தபோது முதலில் நின்றது ரயில். காலையில் றொசல்லப் பக்கமிருந்து கேட்கிற ஊதல் இல்லாமல் எத்தனை மணி என்றே தெரியாது. ஆனால் தேயிலைக் கொழுந்து நிற்கவில்லை, நாமும் நிற்கவில்லை. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஆளுக்கு ஆள் தள்ளி நின்று பறித்தோம். லயத்துக்கு ஒரு கமிட்டி போட்டார்கள். அதற்குத் தலைவராக வந்தவர் நம் கங்காணி. கங்காணி என்று எழுதும்போது 'வந்தவர்' என்று கை தானாக எழுதிவிடுகிறது பார். இத்தனை வருடமும் முகத்துக்கு நேரே 'நீங்க', மனதுக்குள் 'அவன்' என்றுதான் காலத்தை ஓட்டினேன். இந்தக் கடிதத்தில் அவன் அவன்தான்.

அவன் கையில் பச்சைப் பட்டி கட்டிக்கொண்டான். தேயிலைக்குள் புல்லுக்கு மருந்தடிக்கிற டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, அதில் பிளீச்சிங் பவுடரைக் கண்ணளவில் கரைத்து, கதவு, சுவர், கக்கூசு, துணி காயப்போடுகிற கொடி என்று எதையும் விடாமல் அடித்தான். அவன் வருகிறான் என்றால் பிள்ளைகள் உள்ளே ஓடிவிடும். நாய் பூனையின் ரோமத்தில் கிருமி ஒட்டிக்கொண்டு வருகிறது என்று ஃபோனில் ஒரு கதை வந்தது அந்த நாட்களில்தான். யார் கிளப்பியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதை லயம் லயமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது கங்காணி.

அந்த வாரம் நடந்ததை நீதான் எனக்குக் காட்டினாய். கீழ் லயத்தில் ஒரு வீட்டார் தங்கள் பூனையைச் சாக்கில் கட்டி ரயில் பாதை ஓரமாக விட்டுவிட்டு வந்தார்கள். வேறு ஒருவர் தான் வளர்த்த நாயைக் கல்லால் அடித்து தேயிலைக்குள் துரத்தினார். அது பொழுது சாயும்போது திரும்பி வந்து அவர் கதவடியிலேயே படுத்தது. நீ சாக்கைத் தேடிப் போய்ப் பூனையை அவிழ்த்துவிட்டு, கீழ் லயத்தின் நடுவில் நின்றுகொண்டு பேசினாயே ஒரு பேச்சு, அதை இங்கே எழுத முடியாது.

உனக்குக் காய்ச்சல் வந்தபோது நீ செய்ததையும் நான் எழுதிவைக்க வேண்டும். ஏனென்றால் பிறகு உன்னைப்பற்றிச் சொல்லப்பட்டது அதற்கு நேர் எதிர். உடம்பு லேசாகச் சுடுகிறது என்று தெரிந்த அன்றே சூட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாய். அதன் தட்டு, அது படுக்கிற பழைய சாக்கு, சங்கிலி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து இஸ்தோப்பின் நடுவில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அது உன் கதவைப் பிறாண்டியது. நீ உள்ளே இருந்து அதட்டினாய், திறக்கவில்லை.

“இருமல் வந்ததுலருந்து மூணு நாளா நான் அதத் தொடல புள்ள. நீ சோறு போடு. கைய கழுவிட்டுப் போடு, போட்டுட்டும் கழுவு. மூஞ்சில மூஞ்சி வெச்சுக் கொஞ்சாத. எனக்கு வந்தது அதுக்கு வரவே கூடாது.”

யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த லயத்தில் அன்றைக்கு அவ்வளவு புத்தியோடு நடந்துகொண்டது நீ ஒருத்திதான். டெஸ்ட் எடுத்தார்கள், இருக்கிறது என்று சொன்னார்கள், முகாமுக்குக் கொண்டுபோக பஸ் வந்தது. சூட்டி சங்கிலியை இழுத்துக்கொண்டு ஊளையிட்டது. நீ திரும்பிப் பார்க்காமல் ஏறினாய். பார்த்தால் இறங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

முகாமிலிருந்து ஒவ்வொரு நாளும் எனக்கு ஃபோன் எடுத்தாய். உன் காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தை, சூட்டியைப் பற்றி ஒரு மணி நேரம். “அதுகிட்ட குடு” என்பாய். ஃபோனை அதன் காதில் வைப்பேன். அது சுற்றிச் சுற்றி ஃபோனுக்குப் பின்னால் உன்னைத் தேடும்.

இனி வருவதுதான் நான் இத்தனை வருடம் விழுங்கிக்கொண்டிருந்தது.

நீ போய் ஆறாம் நாள் காலையில் கங்காணி டாங்கியோடு நம் இஸ்தோப்புக்கு வந்தான். சுவருக்கு அடித்தான், உன் பூட்டின கதவுக்கு அடித்தான். பூனை அதற்குள் கூரைமேல் ஏறிவிட்டது, அதற்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. அவன் சூட்டியைப் பார்த்தான்.

“இந்த நாய்க்கும் அடிக்கணும். மேல இருந்து ஆர்டர். மருந்தடிக்காத நாயயெல்லாம் புடிச்சிட்டுப் போயி கொல்லச் சொல்லியிருக்காங்க. ஒன் இஷ்டம், என்னா சொல்லுற?”

அப்படி ஒரு ஆர்டர் எங்கேயும் இருக்கவில்லை. சுகாதாரப் பரிசோதகரிடம் பிறகு கேட்டேன், அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஆனால் அன்றைக்கு நான் நம்பினேன். நாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் உனக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் பயந்தேன். உன் சூட்டியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அதைக் காலிடுக்கில் அமுக்கிப் பிடித்தேன்.

“மொகத்தத் தூக்கிப் புடி புள்ள. மூக்குலதான் கிருமி இருக்கு.”

தூக்கிப் பிடித்தேன். தாடையின் கீழே இந்த வலது கையை வைத்து, நான்தான் தூக்கிப் பிடித்தேன். பிடித்தது நான் என்பதால் அது திமிறவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அவன் கண்ணில், மூக்கில், வாயில், வயிற்றில் என்று தண்ணீராக ஓடுகிறவரைக்கும் அடித்தான். பிறகுதான் அது கத்தியது. அந்த டாங்கியில் முந்தின வாரம்வரைக்கும் புல்லுக்கு அடிக்கிற மருந்து இருந்தது. அதைக் கழுவினானா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. துணி வைத்துத் துடைக்கவும் இல்லை. காயும்வரை துடைக்கக்கூடாது, துடைத்தால் கிருமி சாகாது என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அதையும் கேட்டேன். சூட்டி வெயிலில் படுத்து உடம்பு முழுக்க நக்கிக்கொண்டிருந்தது. சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

சாயந்திரமே வாயால் நுரை வந்தது. மறுநாள் நாக்கு புண்ணாகிச் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பாலை வைத்தேன், வாந்தி எடுத்தது. அன்றைக்கும் நீ ஃபோன் எடுத்தாய். 'தூங்குது' என்றேன். “இந்நேரத்துக்கா?” என்றாய். மழை, அதனால்தான் என்றேன். மழையே பெய்யவில்லை.

ஊரை அடைத்து வைத்திருந்த நேரம். யார் யாரிடமோ கேட்டு மிருக வைத்தியரின் நம்பரைப் பிடிப்பதற்குள் மூன்றாம் நாள் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். வைத்தியர் ஒரு அம்மா. நாய்க்கு யார் குளோரின் அடித்தது என்று கேட்டார். உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, நக்கவிடாமல் பார்த்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் நாய் பூனையை அவரிடமிருந்து தள்ளிவைத்து வேறு ஆள் சோறு போட்டால் போதும், மருந்தடிக்கவே கூடாது என்றார். மனிதரிடமிருந்து நாய்க்கு அந்த நோய் போவது அபூர்வம், போனாலும் பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். நீ செய்தது எல்லாம் சரி. நான் செய்தது எல்லாம் பிழை. ஃபோனை வைத்துவிட்டு வந்து பார்த்தேன், சூட்டி உன் கதவில் தலையை வைத்துக்கொண்டு செத்திருந்தது.

கீழே வாழைமரத்துக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் குழி வெட்டினோம். கங்காணி வந்து நின்றான். நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அவன் டாங்கியால்தான் செத்தது என்று உன்னிடம் சொல்வேன், தோட்டத்துத் தொரையிடம் சொல்வேன், வருகிற அதிகாரியிடமெல்லாம் சொல்வேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“சரி, சொல்லு. புடிச்சது யாருன்னு கேட்டா என்னா சொல்லுவ?”

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை என் வாய்க்குப் பூட்டாகப் போட்டுவிட்டுப் போனான்.

நீ முகாமிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே, பத்துப் பேர் முன்னால் அவன் உன்னிடம் சொன்னான். “ஒன் நாய்க்கும் கொரோனா புள்ள. ஒன்கிட்டருந்துதான் ஒட்டியிருக்கு. மனச தேத்திக்க.” நீ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நான் பார்த்த நீ வேறு ஆள். சூட்டியின் தட்டை வெளியே எறிந்தாய். பூனை உன் வாசலில் வந்து உட்காரும், நீ விளக்குமாற்றை எடுப்பாய். மடியில் ஏற வந்தால் காலால் தள்ளுவாய், தள்ளிவிட்டுக் கண்ணைத் துடைப்பாய். கடைசியில் அது என் பக்கம் வந்து படுக்கப் பழகிவிட்டது. ஒரு நாள் மலையில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாய்க்குட்டி உன் பின்னால் வந்தது. ரொட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு நீ பத்தடி தள்ளிப்போய் நின்றாய். ஏன்டி இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

“என் மூச்சே வெசம் புள்ள. அது கிட்ட வரவேணாம்” என்றாய்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், மத்தியான வேலைக்குக் கூப்பிட்டார்கள், கூடையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பேச முடியாதவள் வேறு என்ன செய்வாள்? அவன்மேல் இருந்த ஆத்திரத்தை நான் வேறு பக்கம் திருப்பினேன். இந்த லயத்தில் இனி ஒரு நாய்மேலும் அவன் டாங்கி படக்கூடாது என்று முடிவெடுத்தேன். அடுத்த அலையில் ஆட்களை பஸ்ஸில் ஏற்றும்போது, அவர்கள் விட்டுப்போன நாயையெல்லாம் என் இஸ்தோப்பில் கட்டினேன். ஆளுக்கு ஒரு தட்டு, தனித்தனிக் கயிறு, சோப்பும் தண்ணீரும் என் கைக்குத்தான், அதுகளுக்கு ஒரு மருந்தும் இல்லை. காய்ச்சல் உள்ள வீட்டுப் பூனையை அந்த வீட்டிலேயே வேறு ஆள் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். கங்காணி டாங்கியோடு வந்தபோது படியில் கத்தியோடு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். சீவுவதை நிறுத்தவில்லை. அவன் வேறு பக்கம் போனான். என்னை நாய்க்காரி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நல்ல மனசு என்று நீகூடச் சொன்னாய். நல்ல மனசு இல்லை, வஞ்சம்.

போன வருடம் ஏழாம் நம்பர் தேயிலை மலையில் குளவிக் கூடு கலைந்து கொட்டியது. நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. உன்னை லொறியில் கொண்டுவந்தபோது முகம் அடையாளம் தெரியவில்லை. நான்கு வருடம் உன் பக்கத்துக் காம்பராவில் இருந்துகொண்டு, உன்னைக் குற்றவாளியாகவே சாகவிட்டேன். உன் சாவுக்குக் கங்காணியும் வந்தான். பூ போட்டான். அவன் கையை முறுக்கி ஒடிக்கவேண்டும் என்று எனக்கு வந்த வெறியை, ஒப்பாரி என்று நினைத்துப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

இப்போது கேள். அவனுக்கு வயதாகி வேலை முடிந்துவிட்டது. பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன்கள் கொழும்பில். அவனுக்குத் துணைக்கு ஒரு நாய், றெக்ஸ் என்று பெயர். கங்காணி தன் தட்டிலிருந்தே அதற்கு ஊட்டுவான். இரண்டு பேரும் ஒரே போர்வையில் படுப்பதாக ஊரே சொல்லிச் சிரிக்கும். இந்த மழைக்கு மறுபடியும் ஒரு காய்ச்சல் லயம் லயமாகச் சுற்றுகிறது, இன்ஃபுளுவென்சா என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அவனுக்கும் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வந்து நின்றபோது, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். ஒரு கையில் சங்கிலி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஒன்னய விட்டா யாரும்மா இருக்கா? நான் வார வரைக்கும் இதப் பாத்துக்க.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. சங்கிலியை வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது நாள் அது என்னிடம் இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? முதல் நாள் அந்த எண்ணம் எனக்கு வந்தது. பிளீச்சிங் பவுடர் வீட்டில் இருக்கிறது, அவன் அடித்த மாதிரியே அடித்து, அவன் சொன்ன மாதிரியே 'உங்ககிட்டருந்துதான் ஒட்டியிருக்கு' என்று சொல்லலாம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வாளியைக்கூட எடுத்தேன். றெக்ஸ் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. வாளியைக் கவிழ்த்துவிட்டு அதற்குச் சோறு போட்டேன். ஆடு பகை, குட்டி உறவா என்று கேட்பார்கள். ஆமாம், உறவுதான். குட்டி எனக்கு என்ன செய்தது? ஒன்பது நாளும் கைகழுவி, தட்டுக் கழுவி, சூட்டிக்கு நான் செய்திருக்க வேண்டியதையெல்லாம் அதற்குச் செய்தேன்.

அவன் திரும்பி வந்தது ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாததால் தண்ணீர்ப் பீலியடியில் முழு லயமும் துணி துவைத்துக்கொண்டிருந்தது. அவன் வருகிறான் என்று தெரிந்தே நான் றெக்ஸைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் நின்றேன். பாதி உடம்பாகிப் போயிருந்தான். நாயைக் கண்டதும் தூரத்திலேயே கையை நீட்டினான். அது பாய்ந்தது. நான் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“விடுறேன் கங்காணி. மொதல்ல ஒண்ணு சொல்லணும் நீங்க. சூட்டி எதுல செத்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க.”

“என்னா புள்ள இப்ப போயி? நிக்க முடியல எனக்கு.”

“ஒக்காந்தே சொல்லுங்க.”

துணி அடிக்கிற சத்தமெல்லாம் நின்றது. நாய் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, கழுத்து இறுக, அவனைப் பார்த்து அழுதது. மறுபடியும் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. அவன் இருமினான், கல்லில் உட்கார்ந்தான், நாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொரோனால சாவல” என்றான். “நான் அடிச்ச மருந்துலதான் செத்துச்சு. டாங்கி கழுவாத டாங்கி. அந்தப் புள்ளகிட்ட பொய் சொன்னேன்.”

“சத்தமா.”

“நான் பொய் சொன்னேன்” என்று கத்தினான். மூச்சு வாங்கியது. பிறகு தலையைத் தூக்கி, இத்தனை பேர் முன்னால், நான் எதிர்பார்த்திருந்ததையும் சொன்னான். “மொகத்தத் தூக்கிப் புடிச்சுக் குடுத்தது இவ. அதையும் கேளுங்க.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். “ஆமா. நாந்தான் புடிச்சேன்” என்றேன். பிறகு சங்கிலியை விட்டேன்.

றெக்ஸ் ஓடிப்போய் அவன் மேல் விழுந்தது. அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதான். காய்ச்சல் விட்ட ஆள் நாயிடம் முகத்தை வைக்கலாமா என்று எனக்குப் புத்தியில் ஓடியது, நாய்க்காரியின் புத்தி. சொல்லவில்லை. செத்த நாய்க்கு இத்தனை வருடம் கழித்தா பஞ்சாயத்து என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னொருத்தி, உன்னோடு முகாமில் இருந்தவள், துணியைப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். “அவ கடைசி வரைக்கும் தன்னாலன்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தா. நீ பக்கத்துலதானே இருந்த?” என்று கேட்டாள். அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

நேற்று கங்காணி ஒரு பாண் கொண்டுவந்து என் இஸ்தோப்பில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை எடுத்து றெக்ஸுக்கே போட்டேன். சமாதானம் ஆகிவிட்டது என்று அவன் நினைக்கலாம். ஆகவில்லை. அவன் மெலிந்து இருமிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வைத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. இது நல்ல குணம் இல்லைதான். உன் மாதிரி சட்டென்று கத்தித் தீர்த்துவிட்டு மறந்துபோகிற குணம் எனக்கு வாய்க்கவில்லை.

உன் மூச்சில் ஒரு விஷமும் இருந்ததில்லை. சூட்டியை உன்னால் முடிந்தவரைக்கும் நீ காப்பாற்றினாய், காய்ச்சலோடு தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாய். இதை நான் அன்றைக்கே பஸ்ஸடியில் சொல்லியிருந்தால் நீ என்னை அறைந்திருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய், பூனை நான்கு வருடம் உன் மடியில் படுத்திருக்கும். கங்காணி உன்னிடம் ஒரு தடவைதான் பொய் சொன்னான். நான் அதைத் தினமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து காப்பாற்றினேன். அவன்மேல் உள்ள வஞ்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியும், அவன் வீடு நாலு காம்பரா தள்ளித்தான் இருக்கிறது. என்மேல் உள்ளதை யாரிடம் கொண்டுபோய்த் தீர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

உன் பக்கத்துக் காம்பராக்காரி